ஒரே வீட்டுக்கு மூன்று ரசீது

கோடைக்கானலில் வீட்டு ஏஜென்சி வைத்திருந்த
பாத்திஸ்தா ஐயாவிடம் எனக்கு
ஒரு மேசை, ஒரு மைக்கூடு,
மாதம் பதினெட்டு ரூபாய்.
சித்திரை பிறந்தால் கொடைரோட்டிலிருந்து
மோட்டார் புகைந்துகொண்டே ஏறும்.
மதராஸ் ஜட்ஜுகளுக்கு ஏரிக்கரை,
அமெரிக்கப் பாதிரிமாருக்கு பள்ளிக்கூடத்தடி,
புதுச்சேரி முசேமாருக்கு
யூகலிப்டஸ் மறைவில், பாதை முடிகிற இடத்தில்,
வாசல் தெரியாத வீடுகள்.

பொதுப்பணி இலாகா முசே பெர்த்தெலோ
மூன்றாம் வருஷமாக அதே பங்களா.
சீசன் வாடகை நானூற்றிருபது.
கட்டியவர் அவரல்ல.
வில்லியனூர் பக்கம் மதகு கட்டுகிற
அருளப்ப முதலியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து
ஒவ்வொரு நோட்டாய் எடுத்து வைத்தார்,
பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு.

"ரசீது முசே பேருக்கு."
எழுதினேன்.
"எனக்கும் ஒன்று வேண்டும், தம்பி.
மதகுக்குச் சுண்ணாம்பு வாங்கினதாக."
ஐயா ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் பனிமூட்டம்தான் இருந்தது.
எழுதினேன்.

மூன்றாவதைக் கேட்டு முசேயே வந்தார்,
தொப்பியிலிருந்து மழை சொட்ட.
மலைக்காய்ச்சல் ஆராய்ச்சிக்கு
ஒரு கூடம் எடுத்ததாக,
கஜானா பார்வைக்கு, பிரெஞ்சில்.
அவர் எழுத்து எழுத்தாய்ச் சொன்னார்.
கொசு ஏறி வராத உயரத்தில்
கொசுவுக்கு வாடகை கொடுத்தோம்.

பாதியில் என் பேனா நின்றது.
பயமா, குளிரில் மை உறைந்ததா,
இன்றுவரை எனக்கே தெளிவில்லை.
முசே தமிழுக்கு இறங்கினார்:
"உனக்கு மச்சான் உண்டு?"
உண்டு.
"வேலை உண்டு?"
இல்லை.
பேனாவை உதறிவிட்டு முடித்துக் கொடுத்தேன்.

சீசன் கடைசியில்
பீங்கான் எண்ணப் போனேன் அந்தப் பங்களாவுக்கு.
சுங்கம், கஜானா, கோர்ட்டு என்று
கணப்பைச் சுற்றி ஆறு துரைகள்.
என் பிரெஞ்சு ரசீது அளவுக்குத்தான்,
ஆனாலும் ஊர்ப்பேர் புரியும், தொகை புரியும்.
மாகிக்கு யாரோ ஒருவரின் மருமகன்,
ஏனாமுக்கு யாரோ ஒருவரைப் பிடிக்காதவன்.
ஒரு கிழ துரை மட்டும் தூங்கிப்போயிருந்தார்.
அவருக்கும் சேர்த்துத்தான் பங்கு பேசினார்கள்.
கோப்பையில் இரண்டு குறைவு,
காது உடைந்தது ஒன்று.
அதற்கும் பில் முதலியார் பேருக்கே போனது.

ஆடியில் தணிக்கைக்கு ஆள் வந்தது.
லெஸ்பினாஸ் என்று ஒரு சின்ன முசே,
சொந்தக் காசில் ஷெம்பகனூரில் தங்கி
நடந்தே மேலே வந்தவர்.
மூன்று ரசீதையும் மேசைமேல் பரப்பி
என் கையெழுத்தின் சுழியைப் பார்த்தார்,
பிறகு என்னை.
நல்ல மனுஷன் ஒருவன் மாட்டிக்கொடுக்கப் போகிறான்
என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
அந்தப் பங்களா
அடுத்த மே மாதம் காலியா என்றார்.
அம்மாவுக்கு மூட்டு வலியாம்,
உயரம் நல்லதாம்.

ஐப்பசியில் மதகு போயிற்று.
முதலியாரின் குமாஸ்தா கார்டில் எழுதியிருந்தான்:
கதிர் வாங்குகிற பயிர், முந்நூறு குழி,
இரண்டு எருமை, தொம்பரவன் வீட்டுப் பையன் ஒருவன்.
கீழே, அதே மையில்,
அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் எவ்வளவு என்று.
சுண்ணாம்பு என்று நான் எழுதிய நானூற்றிருபது
இந்த மலையில் விறகாக எரிந்து,
பிளம்ஸ் பழமாகத் தின்னப்பட்டு,
ஒயினாக ஏரிப் படகில் தளும்பியதை
எந்த ஆற்றுக்கு எழுதிப் போடுவேன்?

மறுநாள் தபால்காரர் ராயப்பன்
கம்பளிக்குள்ளிருந்து மணியார்டரை எடுத்தார்.
காரைக்கால் துறைமுகச் சேவகன்,
என் மச்சான், முதல் சம்பளத்தில்
அக்காளுக்குப் பத்து ரூபாய் அனுப்பியிருந்தான்.
பெற்றுக்கொண்டேன் என்று அவளுக்காகக் கையெழுத்துப் போட்டேன்.
பணம் எங்கிருந்து யாருக்கு
என்று உள்ளபடி சொன்ன காகிதம்
அந்த வருஷம் என் கையில் அது ஒன்றுதான்.
தபால்காரர் ஊதி ஊதிக் காயவைத்தார்.
ஈரக் காற்று,
காய நேரமாயிற்று.